பலகை மட்டும் திரும்பி வந்தது

"மீன் ஏன் மேல வரல?" என்று கூட்டத்தில் ஒரு குழந்தை உரக்கக் கேட்டது.

நியாயமான கேள்விதான். அந்தக் கடற்கரை நகரத்துக்கு வருகிறவர்கள் ராட்டினம் ஏறி, மணலில் புரண்டு, பாராசூட்டில் தொங்கி, முதுகுத் தோல் வெந்துபோன பிறகு நிழலுக்கு ஒதுங்குகிற இடம் இந்த மீன் காட்சியகம். தினமும் நண்பகலில் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மாடி உயரக் கண்ணாடித் தொட்டியின் மேல் விளிம்பில் ஒருவர் நின்று தீனிக் கரண்டியால் தட்டுவார். உள்ளே இருக்கிற மீன் அத்தனையும் திபுதிபுவென்று மேலே பாயும். கூட்டம் கைதட்டும். இன்றைக்கும் ஒருவர் தட்டினார். தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். மீன்கள் பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று அவரைச் சட்டையே செய்யவில்லை.

"இந்த மாதிரி தட்டினா நான்கூடக் கதவைத் திறக்க மாட்டேன் மேடம்" என்றான் வாலு.

மேடம் சிரிக்கவில்லை. சொன்னவனும் சிரிக்கவில்லை.

வாலுவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் சம்பளம் கொடுக்கிற மேடமே வாலு என்றுதான் கூப்பிடுவார். சும்மா இருக்கத் தெரியாத வாய். துக்க வீட்டில்கூட எதையாவது சொல்லி இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு, மூன்றாவது ஆளிடம் திட்டு வாங்குவான். நேற்றிலிருந்து அந்த வாய் வழக்கத்தைவிட அதிகமாக ஓடியது. நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஏனென்றால் இந்த மீன்களை மேலே வரவழைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவனுடைய அக்கா. அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, அடித்து, அணைத்து ஆளாக்கினவள். நேற்று விடியலில் வீட்டை விட்டுக் கிளம்பினவள் வேலைக்கும் வந்து சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை.

மேடம் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் முழுகிய படகுகளையும் விசாரித்தவர். அந்த வேலை அலுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். யார் எதைச் சொன்னாலும் பாதியை நம்பிவிட்டு, மீதியை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிற ரகம்.

இப்போதும் எழுந்தார். "வா, மேனேஜரைப் பார்க்கலாம்."

மேனேஜரின் அறை தொட்டிக்குப் பின்புறம் இருந்தது. குளிர்சாதனம், ஈர ரப்பர் வாசனை, சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் முங்கு கண்ணாடி, கால் துடுப்பு என்று ஒரு ஊழியரின் சாமான்கள் தொங்கின. அக்காவின் கொக்கி காலி.

"எல்லாத்தையும் சுருட்டிக்கிட்டுப் போயிருக்காங்க பாருங்க" என்றார் மேனேஜர். "மீனையும் சேர்த்து. ஏழெட்டு மீனைக் காணோம். செத்துப்போச்சுன்னு சொன்னாங்க. செத்த மீனை டாக்டர் பார்க்கறதுக்காக ஃப்ரீசர்ல வைக்கணும், அதுதான் இங்க வழக்கம். ஃப்ரீசரைத் திறந்து பார்த்தா ஐஸ்தான் இருக்கு."

"என் அக்கா ஒரு குண்டூசிகூட எடுக்க மாட்டா சார்" என்றான் வாலு. "சின்ன வயசுல பக்கத்து வீட்டு மாங்கா நம்ம பக்கம் விழுந்தா, என்னை விட்டுத் திருப்பிக் குடுக்க வைப்பா. நான் கடிச்ச மாங்காவையும் சேர்த்து."

மேடம் சுவரோரம் நிறுத்தியிருந்த காற்று சிலிண்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிலிண்டர் எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு. அதைத் தூக்கிட்டு ஓட முடியுமா?"

"காணாமப் போன மீனெல்லாம் விலை உசந்ததா?"

மேனேஜர் நாற்காலியில் நெளிந்தார். "எல்லாமே சொத்துதாங்க."

"நான் கேட்டது அது இல்ல. இங்க ஒரு கிழட்டு மீன், ஒரு கீறல் விழுந்த மீன் ஒண்ணுகூடக் கண்ணுல படலையே. எல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுமினுன்னு இருக்கு. வயசான மீனெல்லாம் எங்க?"

"ஜனங்க அழகான மீனைப் பார்க்கத்தான் வர்றாங்க. நிறம் போனது, வால் கிழிஞ்சது, ஒத்தைக் கண்ணு, இதெல்லாம் எடுத்துடுவோம்."

"எடுத்து?"

"எடுத்துடுவோம்" என்றார் மேனேஜர், அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காமல்.

தொட்டியின் பக்கமிருந்து மறுபடியும் கரண்டிச் சத்தம் கேட்டது. மேடம் அந்தத் திசையில் தலையை ஆட்டினார். "அவருக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

"தீனி போடுற ஒவ்வொருத்தருக்கும் ஒரு தட்டு உண்டு மேடம். மீன் அந்தத் தட்டுக்குத்தான் பழகும். ஆள் மாறினா பழக ஒரு மாசம் ஆகும். இந்தம்மாவோட தட்டு எங்க யாருக்கும் சரியா வரல."

வாலுவுக்கு அந்தத் தட்டு தெரியும். வேகமாக இரண்டு, மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு நிறுத்தம், பிறகு அழுத்தமாக ஒன்று. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் அறைக் கதவில் விழுந்த தட்டு. அவன் தூக்கத்துக்கு எதிரி. இன்றைக்குக் காலையில் அது விழாததாலேயே அவன் விழித்துக்கொண்டான். அதை நினைத்தபடி அக்காவின் காலிக் கொக்கியையே பார்த்தான்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட புகார் குடுத்தாச்சு" என்று மேனேஜர் முடித்தார். "பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, விமான நிலையம் எல்லா இடத்துலயும் ஆள் நிக்குது."

"கடல்ல?" என்றார் மேடம்.

"கடல்ல எதுக்கு? திருடிட்டுப் போறவ நீந்தியா போவா?"

வெளியே வந்ததும் வெயில் கண்ணில் குத்தியது. வாலு மேடத்தின் முன்னால் போய் நின்றான்.

"மேடம், நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லிடுங்க. நல்லதோ கெட்டதோ."

"ஊரை விட்டு ஓடுறவ முங்கு கண்ணாடியும் கால் துடுப்பும் எடுத்துட்டுப் போகமாட்டா. சிலிண்டரைத் தொடலை. அப்படின்னா ஆழத்துல முங்கப் போகல. கரையோரமா எங்கயோ மேலாக மிதந்து கீழே பார்க்கற வேலை. அவ கடல்லதான் இருக்கா வாலு. ஒட்டுமொத்த போலீஸும் அவளை ரோட்டுல தேடுது."

நல்லதா கெட்டதா என்று வாலு கேட்கவில்லை. கடற்கரையைப் பார்த்து ஓடத் தொடங்கினான்.

கடற்கரையில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதுதான் தாங்கவில்லை. குடைகளுக்குக் கீழே எண்ணெய் தடவிய உடம்புகள் வரிசையாகப் படுத்திருந்தன. தலை மட்டும் நுழைத்துப் படம் எடுக்கிற மரப்பலகையில், சுறாவின் வாய்க்குள்ளிருந்து ஒரு தாத்தா பல்லில்லாமல் சிரித்தார். யாரிடம் போய் என் அக்காவைப் பார்த்தீர்களா என்று கேட்பது? எல்லாரும் முந்தாநாள் வந்தவர்கள், நாளைக்குப் போகிறவர்கள்.

எப்போதும் இருக்கிற ஆள் ஒருவர்தான். கேப்டன். அடியில் கண்ணாடி பதித்த படகில் ஆட்களை ஏற்றிப்போய்ப் பவளப் பாறை காட்டுவார். கூடவே துடுப்புப் பலகைகளை வாடகைக்கு விடுவார். நின்றபடியே துடுப்புப் போட்டுக் கடலில் உலாவுகிற நீளப் பலகை. பத்து நிமிஷம் நிற்பதற்குள் பாதிப் பேர் தண்ணீருக்குள் இருப்பார்கள்.

"உங்க அக்காவா? ரெண்டு நாளா கண்ணுல படலையேப்பா" என்றார் கேப்டன். "விடியக்காலம் சில நாள் பலகை எடுத்துட்டுப் போவும். நான் வர்றதுக்குள்ள கொண்டாந்து வச்சுடும். அதுகிட்ட வாடகை வாங்குவேனா நான்? ஆனா நேத்து போன மாதிரி தெரியல. பலகை எல்லாம் இருக்கு பாரு. ஒண்ணுகூடக் குறையல."

பலகைகள் சட்டத்தில் வரிசையாகச் சாய்ந்திருந்தன. வாலுவின் நெஞ்சு அடங்கியது. பலகை இருக்கிறது, அப்படியென்றால் அவள் போகவில்லை. மேடம் மட்டும் நகரவில்லை. வரிசையின் நடுவில் ஒரு பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் மேல் கடற்காகங்கள் மொய்த்தன. விரட்டினால் பறந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே பலகையில் வந்து உட்கார்ந்து கொத்தின.

"இத்தனை பலகை இருக்கு. இந்த ஒண்ணுல என்ன விருந்து நடக்குது?" என்றார் மேடம். கால் வழுக்காமலிருக்க ஒட்டியிருந்த சொரசொரப்பு விரிப்பின் விளிம்பை நகத்தால் தூக்கினார். உள்ளே வெள்ளையாக, பொடிப்பொடியாக நறுக்கிய கணவாய்த் துண்டுகள் ஒட்டியிருந்தன. முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "சுற்றுலா வர்றவங்க கணவாய் நறுக்கி எடுத்துட்டுப் போவாங்களா கேப்டன்? இது மீன் தீனி. இந்தப் பலகையை யார் கொண்டுவந்து வச்சது?"

கேப்டனின் முகம் வெளுத்தது. "நான்தான். நேத்து மத்தியானம் நீச்சல் கரைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிக் கிடந்துச்சு. இங்க தினம் நடக்கறதும்மா. எடுத்துட்டுப் போறவங்க அலுத்துப்போனா அங்கங்க போட்டுட்டு ஐஸ்கிரீம் சாப்பிடப் போயிடுவாங்க. ஆளைத் தேடுறதில்ல. தண்ணி அடிச்சுக் கழுவி சட்டத்துல வச்சுடறது."

வேறு எந்தக் கடலோரத்திலும் ஆளில்லாத பலகை ஒன்று ஒதுங்கினால் ஊரே கூடிவிடும். இங்கே அதைக் கழுவி வைத்துவிட்டார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

வாலு மணலில் உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. மாமா. அக்காவின் புருஷன். ஏதோ ஒரு சரக்குக் கப்பலில், ஏதோ ஒரு சமுத்திரத்தின் நடுவில் சமையல்காரர்.

"மாப்ள, உங்க அக்கா ஃபோனே எடுக்க மாட்டேங்குறா. கோவமா என் மேல?"

"ஆமா மாமா" என்றான் வாலு. "போன தடவை நீங்க வாங்கிட்டு வந்த புடவை நிறம் புடிக்கலையாம். சாயங்காலம் பேசச் சொல்றேன்." ஃபோனை வைத்துவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மேடம் அவன் தோளைத் தொடவில்லை. தொட்டால் உடைந்துவிடுவான். இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். கேட்டது, சொன்னது எல்லாம் வாலுவின் காதில் விழுந்தது. "மேடம், இந்தக் கரையில காலிப் பலகை ஒதுங்காத நாள் உண்டா? ஒவ்வொண்ணுக்கும் ரோந்துப் படகு விட முடியுமா? நான் தேடறது திருட்டு கேஸ். மீன் எங்கேயாவது கிடைச்சா சொல்லுங்க, அடுத்த நிமிஷம் வர்றேன்."

அதற்குள் கேப்டன் படகின் பக்கம் ஓடியிருந்தார். உள்ளே ஒரு குடும்பம் தொப்பி, கேமரா, மிதவை சகிதம் உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் இறங்குங்க! பவளப் பாறைக்கு இன்னிக்கு லீவு!"

"பாறைக்கு எப்படிங்க லீவு?" என்று தொப்பிக்காரர் கேட்டார்.

"அதுக்கும் உடம்பு சரியில்லாமப் போகும்" என்றான் வாலு. அவனும் மேடமும் படகில் ஏறினார்கள்.

போகிற வழியில் கேப்டன் விஷயத்தைச் சொன்னார். நேற்றைய நீரோட்டத்துக்கு ஒரு பலகை அந்த இடத்தில் ஒதுங்கவேண்டுமென்றால் அது கிழக்கே இருந்துதான் வந்திருக்கவேண்டும். கிழக்கே இருப்பவை பவளத் திட்டு, வெளிச்சக் கம்பம், ஆமைப் பாறை. "இன்னொண்ணும் சொல்லிடறேன் தம்பி. பௌர்ணமி நெருங்குது. தண்ணி நேத்து ஏறினதைவிட இன்னிக்குக் கூட ஏறும். எங்கயாவது பாறையில தொத்திக்கிட்டு இருந்தாலும், நேத்து தப்பிச்ச இடம் இன்னிக்கு முழுகிடும்."

"எப்ப ஏற ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சாச்சு."

பவளத் திட்டில் ஒன்றுமில்லை. வெளிச்சக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வாலு கத்திக் கத்திக் குரல் போயிற்று. மேடத்துக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகின் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு இரண்டு முறை வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி தண்ணீரைப் பார்த்தார். கடைசியில் ஆமைப் பாறை. பெயர்தான் ஆமை, பக்கத்தில் போனால் ஒரு கல்யாண மண்டபம் அளவு. பின்பக்கத்தில் அலை மோதி மோதி வெள்ளையாகச் சீறியது. நாலாபுறமும் போய்ப் பார்த்தார்கள். மனித வாசனையே இல்லை.

கேப்டன் எஞ்சினை நிறுத்தினார். அவருக்கு வாலுவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. "இதுக்கு அப்பால திறந்த கடல்தான் தம்பி."

அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்கவில்லை. வாலு படகின் நடுவே, தரையில் பதித்த கண்ணாடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கீழே வெறும் பச்சைத் தண்ணீர். அக்கா இல்லாத வீட்டை அவன் கற்பனை செய்து பார்த்ததே கிடையாது. இப்போது அது தானாக வந்தது: அடுப்படி இருட்டு, கொடியில் அவள் துண்டு, சாயங்காலம் மாமாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருக்கும் ஃபோன். அவன் விரல் முட்டி தன்னையறியாமல் கண்ணாடியில் விழுந்தது. வேகமாக இரண்டு. ஒரு நிறுத்தம். அழுத்தமாக ஒன்று. மறுபடியும். மறுபடியும். எழுந்திருடா சோம்பேறி, என்று கதவுக்கு வெளியே நின்று அவள் தட்டுகிற மாதிரி.

"வாலு" என்றார் மேடம்.

அவன் நிமிரவில்லை.

"வாலு, நிறுத்தாதே. தட்டு. கீழே பார்."

கண்ணாடிக்கு அடியில் ஒரு மீன் நின்றது. அகலமான மீன், நிறமெல்லாம் வெளுத்து, இந்தப் பக்கம் கண் இருக்கவேண்டிய இடத்தில் தோல் மூடியிருந்தது. அது இன்னொரு பக்கமாகத் திரும்பி மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் வாலுவைப் பார்த்தது. அதன் பின்னால் வால் கிழிந்தது ஒன்று. செதில் உதிர்ந்தது ஒன்று. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றன.

"கடல் மீனு இப்படி வராதே" என்றார் கேப்டன். "தட்டினா ஓடும்."

மேடம் மண்டியிட்டார். குமட்டல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "இது கடல் மீன் இல்ல. காட்சியகத்து மீன். வேற யார் தட்டினாலும் வராம, இந்த ஒரு தட்டுக்கு மட்டும் வர்ற மீன். மேனேஜர் 'எடுத்துடுவோம்'னாரே, அதை எடுக்கச் சொன்னது யாருகிட்ட? தீனி போடுறவகிட்ட. கையால ஊட்டி வளர்த்ததைக் கொல்ல அவளுக்கு மனசு வரல. செத்துப்போச்சுன்னு சொல்லிட்டு, வாளியில கொண்டுவந்து இங்க விட்டிருக்கா. விட்டதும் முடிஞ்சுதா? காலம் பூரா கரண்டித் தீனி தின்னதுங்களுக்கு இரை தேடத் தெரியுமா? அதனால விடியறதுக்கு முன்னாடி பலகை எடுத்து, கணவாய் நறுக்கி, இங்க வந்து ஊட்டிட்டுப் போயிருக்கா. நேத்தும் இங்கதான் வந்திருக்கா."

"அப்ப அவ எடுத்தது..." வாலு மேடத்தை நிமிர்ந்து பார்த்தான். "நிஜமாவே எடுத்துட்டா."

"நிஜம்தான். அவங்க தூக்கிப் போடுற மீனா இருந்தாலும் சட்டத்துக்கு அது திருட்டு. தொட்டி மீனைக் கடல்ல விடறது இன்னொரு குற்றம். அதையும் தெரிஞ்சுக்கோ."

வாலு ஃபோனை எடுத்தான். ஒரே ஒரு கோடு சிக்னல் இருந்தது. அவன் என்ன செய்யப்போகிறான் என்று மேடத்துக்குப் புரிந்தது. தடுக்கவில்லை.

"இன்ஸ்பெக்டர் சார், நான் வாலு பேசறேன். என் அக்காதான் சார் திருடினா. ஆமா, கூடப் பொறந்த தம்பிதான் சொல்றேன். மீன் எல்லாம் ஆமைப் பாறைகிட்ட என் கண்ணு முன்னாடி இருக்கு. அவளும் இங்கதான் இருக்கா. படகோட வாங்க. முங்கத் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வாங்க. கடப்பாரை, கயிறு எல்லாம் எடுத்துட்டு வாங்க. ரொம்பப் பெரிய திருடி சார், சாதாரணமா புடிக்க முடியாது." குரல் உடைந்தது. "சீக்கிரம் வாங்க சார்."

மத்தியானம், திருடி இல்லை என்று இதே வாயால் சத்தியம் செய்தவன். காப்பாற்றுங்கள் என்று கெஞ்சியபோது வராத படகு, பிடித்துக்கொடுக்கிறேன் என்றதும் கிளம்பிவிட்டது. வாலுவுக்கு வெட்கமாக இருந்தது, தன்னை நினைத்தா போலீஸை நினைத்தா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"கண்டுபுடிக்கணும் மேடம். படகு வர்றதுக்குள்ள எங்க இருக்கான்னு..."

அப்போதுதான் அது நடந்தது. கண்ணாடிக்கு அடியில் நின்ற மீன்கள் ஒரே சமயத்தில் உடம்பைத் திருப்பின. தட்டிக்கொண்டிருந்த வாலுவை விட்டுவிட்டு, ஒற்றைக் கண் முன்னால் போக, மற்றவை பின்னால் போக, அலை சீறுகிற பாறையின் பின்பக்கத்தைப் பார்த்து விர்ரென்று போயின.

"ஏன் போகுதுங்க? நான் தட்டிக்கிட்டுதானே இருக்கேன்!"

மேடம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் குரல் நடுங்கியதை வாலு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டான். "உன் தட்டு நகல், வாலு. அதுங்களுக்கு அசல் கேட்டிருக்கு."

கேப்டன் எஞ்சினை உயிர்ப்பித்தார். மீன்கள் போன வழியே படகை விட்டார். நுரைக்குப் பின்னால், நேருக்கு நேர் வந்து நின்றால் மட்டும் தெரிகிற ஒரு பிளவு. அலையின் இரைச்சலில் உள்ளேயிருந்து ஆயிரம் பேர் கத்தினாலும் கேட்காது. அந்தப் பிளவின் வாயில் மீன்கள் வட்டமிட்டன.

மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கேப்டனின் கயிற்றைக் கட்டிக்கொண்டு வாலு குதித்தான். நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பான். ஒரு அலை தூக்கி உள்ளே எறிந்தது. தோள் பாறையில் உரசிக் கிழிந்தது. இருட்டுக்குக் கண் பழகியபோது, கழுத்தளவு தண்ணீரில் ஒரு தலை. வெளுத்து வெடித்த உதடுகள். ஒரு கை பாறை விளிம்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கை தண்ணீருக்குள் ஒரு கல்லை வைத்துப் பாறையில் தட்டிக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தது. கை மட்டும் தட்டியது.

"அக்கா!"

கண் திறந்தது. அவனைப் பார்த்தது. நிஜமா என்று தெரியாமல் மறுபடி பார்த்தது.

"அலை வந்து காதை மூடுறப்ப... தட்டுற சத்தம் கேட்டுச்சு" என்றாள் அக்கா. குரல் காற்றாக வந்தது. "பதிலுக்குத் தட்டினேன். கால் சிக்கிக்கிச்சுடா. கல்லு சாஞ்சு போச்சு. நேத்து அலை தூக்கி உள்ள தள்ளிருச்சு."

வாலு அவளுக்குப் பின்னால் போய், மிதவைச் சட்டையைக் கழற்றி அவள் கழுத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டான். தண்ணீர் தோளிலிருந்து ஏறியது. ஒவ்வொரு அலையும் போனதைவிட ஒரு விரல் உயரமாக வந்தது. வெளியே மேடம் கத்துவது கேட்டது, சொல் புரியவில்லை.

"யாரையாவது கூப்பிட்டியா?" என்றாள்.

"போலீஸைக் கூப்பிட்டேன். நீ திருடின்னு சொல்லிட்டேன் அக்கா. மீனையும் காட்டிக் குடுத்துட்டேன்." அவன் அழுதுகொண்டே சொன்னான். "வேற என்ன சொன்னாலும் வரமாட்டாங்க."

ஒரு அலை வாய்வரை வந்து போயிற்று. அக்கா துப்பினாள்.

"உதடு நீலமா இருக்குடா உனக்கு" என்றாள். "குளிருதா?"

இரண்டு நாளாகத் தண்ணீரில் கிடப்பவள் கேட்கிற கேள்வி. வாலு அவள் தாடையை இன்னும் ஒரு விரல் மேலே தூக்கிப் பிடித்தான். தண்ணீர் அவள் காதைத் தொட்டது. பிறகு கன்னத்தை. அவன் எக்கி, எக்கி, தன் வாய்க்குள் போகிற உப்புத் தண்ணீரைத் துப்பித் துப்பி, வராத ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டினான். அவளுடைய மூக்கு மட்டும் வெளியே நின்றபோதுதான் ரோந்துப் படகின் எஞ்சின் பாறையில் அதிர்ந்தது. கயிறோடு இரண்டு பேர் குதித்தார்கள். மூன்றாவதாக, பூட்ஸைக்கூடக் கழற்றாமல், கடப்பாரையோடு இன்ஸ்பெக்டரே குதித்தார். கல் ஒரு முறை அசைந்தது. வழுக்கி மறுபடி உட்கார்ந்தது. அக்காவின் முகத்தை அலை மூடியது. வாலு அவள் வாயையும் மூக்கையும் தன் உள்ளங்கையால் பொத்தினான், தண்ணீர் போகாமலிருக்க. இரண்டாவது முறை மூன்று பேரும் சேர்ந்து நெம்பினார்கள்.

காவல் படகின் தளத்தில் அக்காவைக் கம்பளியில் சுருட்டிப் படுக்க வைத்தார்கள். கணுக்கால் ஊதாவாக வீங்கியிருந்தது. கொடுத்த தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். மேடம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, உப்பில் ஒட்டிப்போன முடியை ஒவ்வொன்றாக நெற்றியிலிருந்து விலக்கினார்.

இன்ஸ்பெக்டர் சொட்டச் சொட்ட நின்றார். என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. கடைசியில் தொண்டையைக் கனைத்தார்.

"பாருங்க... புகார்னு ஒண்ணு இருக்கு. தம்பியே சாட்சி சொல்லியிருக்காரு. இவங்ககிட்ட நான் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கணும்."

வாலு அக்காவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தான். அது சில்லென்று இருந்தது. ஆனால் மணிக்கட்டில் நாடி துடித்துக்கொண்டிருந்தது.

"தாராளமா வாங்குங்க சார்" என்றான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. "எவ்வளவு நீளமா வேணாலும் எழுதுங்க. உயிரோட இருக்கறவங்ககிட்டதானே சார் அதெல்லாம் வாங்க முடியும்."